இடப்பக்கத் தகடு

ஜனவரி 9
முதல் தீவு

அண்ணா,

போன் செய்தால் எடுக்கமாட்டாய். எடுத்தாலும் ஒரு "ம்" சொல்லிவிட்டு அண்ணி கையில் கொடுத்துவிடுவாய். கடிதம் என்றால், கோபத்தில் கிழிக்கிறவன்கூடக் கிழிப்பதற்குள் நாலு வரி படித்துவிடுவான். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் மூழ்கவில்லை. நேற்று காலை இங்கே நங்கூரம் போட்டோம். தண்ணீர் அத்தனை தெளிவு. நங்கூரம் போய் மணலில் பதிவதை மேலே நின்றே பார்த்தேன். பேக்கரிக்காரர் முதல் ரொட்டியைக் கரித்துவிட்டார். படகு ஆடினால் அடுப்பும் ஆடும் என்று அவருக்கு இப்போதுதான் புரிந்தது. டீச்சர் தன் கணக்கு நோட்டில் மார்ஜின் போட்டு, மணிக்கொரு தரம் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று எழுதுகிறார். தப்பு வந்தால் சிவப்பு மையில் தனக்குத்தானே அடித்துக்கொள்கிறார்.

பல் டாக்டர், கணக்கு டீச்சர், பேக்கரிக்காரர், லிஃப்ட் பரிசோதிக்கிறவர். இந்த நாலு பேரும் சேர்ந்து ஓட்டைப் படகு ஒன்றை வாங்கியபோது படகுப் பட்டறையில் எப்படிச் சிரித்தார்கள்! எட்டு வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் தேய்த்தோம், இழைத்தோம், பெயின்ட் அடித்தோம். நம்மில் அதிகம் உழைத்தவன் நீ. புறப்பட மூன்று நாள் இருக்கும்போது, பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் கம்பியைப் படகோடு இணைக்கும் இடப்பக்கத் தகட்டில் விரிசல் இருக்கிறது, நான் வரவில்லை, நீங்களும் போகக் கூடாது என்றாய். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. பிறகு நான் என்ன நினைப்பது?

"லிஃப்ட்ல ஏறி இறங்குறதுதான் உன் தைரியம். தண்ணின்னா உனக்குத் தொடை நடுங்குது" என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள நான் இன்னும் தயாராக இல்லை. ஆனால் படகுத்துறையில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாம். அது மட்டும் உறுத்துகிறது.

உன் படுக்கையில் இப்போது பூசணிக்காய் தூங்குகிறது.

பாப்பா

*

ஜனவரி 17
வீடு

பாப்பா,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

நீ டார்ச் அடித்துப் பார்த்தது வெளியே தெரிகிற பாகம். நான் கோடு பார்த்தது தகடு மேல்தளத்துக்குள் இறங்குகிற இடத்தில். உள்ளே அலமாரியைக் கழற்றினால்தான் தெரியும். அங்கேதான் தண்ணீர் தேங்கும், அங்கேதான் துரு பிடிக்கும்.

தீவுக்குத் தீவு அரை நாள், ஒரு நாள் என்றால் பரவாயில்லை. வெளித்தீவுக்குப் போகும் மூன்று நாள் பயணம் வேண்டாம். காற்று இடப்பக்கமே அடித்துக்கொண்டிருக்கும் வழி அது. என் பேச்சைக் கேட்கமாட்டாய் என்று தெரியும். எழுதிவைக்கிறேன்.

உன் கிளினிக் வாசலில் தாடையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். பக்கத்துத் தெரு டாக்டரிடம் அனுப்பிவைத்தேன். செடிகளுக்கு அண்ணி தண்ணீர் ஊற்றுகிறாள்.

படுக்கையில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

அண்ணன்

*

ஜனவரி 28
இரண்டாம் தீவு

அண்ணா,

உன் கடிதத்தில் கடைசிக்கு முந்தின வரியை அடித்திருக்கிறாய். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். "எனக்கும்" என்ற ஒரு வார்த்தைதான் படிக்க முடிந்தது. உனக்கும் என்ன? வர ஆசையா? பசியா? வயசாகிவிட்டதா? இப்படிப் பாதியில் விட்டால் நான் எப்படித் தூங்குவது?

இங்கே வந்து பத்து நாள் ஆகிறது. காலையில் எழுந்ததும் படியிலிருந்து அப்படியே தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறேன். பவளப்பாறைமேல் மஞ்சளும் நீலமுமாக மீன்கள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி போகின்றன. பேக்கரிக்காரர் நீச்சலில் முன்னேறிவிட்டார்; இப்போது மூக்கைப் பிடிக்காமலே குதிக்கிறார். மத்தியானம் பாய் விரித்த நிழலில் மூன்று பேரும் படுத்துக்கொண்டு, ஒன்றுமே பேசாமல் இருக்கிறோம். நாற்பத்தாறு வயதில் இப்படிச் சும்மா கிடப்பது தப்பில்லையே என்று எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். தப்பில்லை.

நீ சொன்னபடி அலமாரியைக் கழற்றினேன். கை நுழையாத இடம். என் பையில் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடி இருந்தது; அதை நீட்டிப் பார்த்தேன். துருக்கறை இருக்கிறது. விரிசல் தெரியவில்லை. இதைவிட மோசமான கோடுகளைப் பல்லில் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, போய்ட்டு வாங்க" என்று எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன்.

பிப்ரவரி 4 காலை வெளித்தீவுக்குக் கிளம்புகிறோம். 7 ஆம் தேதி சேர்ந்துவிடுவோம். உன் கடிதத்தை மற்ற இருவருக்கும் படித்துக் காட்டினேன். பேக்கரிக்காரர் கொஞ்சம் யோசித்தார். டீச்சர் போகலாம் என்றார். சொல்லிவிட்டு, படகில் இருக்கிற கயிற்றையெல்லாம் எடுத்துவைத்து, இரண்டு நாளாகப் பாய்மரத்தடியில் ஏதோ கட்டிக்கொண்டிருக்கிறார். துணி காயப்போடவாம்.

வெளித்தீவுத் துறைமுக அலுவலகத்துக்கு எழுது. வாரம் இரண்டு முறை சின்ன விமானத்தில் தபால் போகிறதாம். அந்த "எனக்கும்" என்ன என்று மறக்காமல் எழுது.

பாப்பா

*

பிப்ரவரி 3
வீடு

பாப்பா,

நாளைக் காலை நீ கிளம்பிவிடுவாய். இந்தக் கடிதம் நீ போய்ச் சேர்ந்த பிறகுதான் உன் கைக்கு வரும். அது தெரிந்ததால்தான் எழுதத் துணிந்தேன். இதுவும் ஒரு கோழைத்தனம்தான்.

அடித்த வரி இதுதான்: "எனக்கும் அது விரிசல்தானா என்று நிச்சயமில்லை."

லிஃப்ட் வேலையில் சந்தேகம் வந்தால் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். இரும்பில் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடிப்பேன். விரிசல் இருந்தால் வெள்ளைக்கு நடுவில் சிவப்புக் கோடு எழும்பி வரும். கால் மணி நேர வேலை. அந்தச் சாயம், பொடி இரண்டும் அன்று என் வண்டியில்தான் இருந்தன. வண்டி பட்டறை வாசலில்தான் நின்றது. நான் எடுத்து வரவில்லை.

ஏனென்றால் சிவப்புக் கோடு வராமல் போயிருந்தால் நானும் கிளம்ப வேண்டியிருக்கும்.

போன வருடம் பயிற்சிக்குப் போனோமே, மழை வந்த அன்று. நீங்கள் மூன்று பேரும் உள்ளே படுத்திருந்தீர்கள். சுக்கான் என் கையில். பக்கவாட்டில் ஒரு அலை வந்து என்னைத் தூக்கி வெளியே போட்டது. படகோடு கட்டியிருந்த இடுப்பு வார் மட்டும் இல்லையென்றால் போயிருப்பேன். கால் இரண்டும் தண்ணீரில் இழுபட, கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. நீ எழுந்து வந்து, "என்னண்ணா, குளிச்சியா" என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

முப்பது மாடி லிஃப்ட் குழியில் தலைகீழாக எட்டிப் பார்க்கிறவன் நான். அங்கே ஒரு நாளும் பயந்ததில்லை. அதனால் இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அண்ணிக்கும் தெரியாது. அந்த நாளுக்குப் பிறகு படகுக்கு வந்த ஒவ்வொரு ஞாயிறும் பயந்துகொண்டுதான் வந்தேன். தகட்டில் அந்தக் கோடு கண்ணில் பட்டபோது, பாப்பா, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

நீ படகுத்துறையில் சொன்னது உண்மை. அதனால்தான் பதில் பேசாமல் வந்துவிட்டேன்.

கோடு பொய்யாக இருந்தால் உங்கள் பயணத்தைக் கெடுக்கப் பார்த்தேன். மெய்யாக இருந்தால் அதை நிரூபிக்காமல் உங்களை அனுப்பிவிட்டேன். எப்படிப் பார்த்தாலும் தப்பு என்னுடையது.

சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல். போனை எடுப்பேன்.

அண்ணன்

*

பிப்ரவரி 10
வீடு

பாப்பா,

மூன்று நாளில் சேர வேண்டியவர்கள். இன்று ஏழாம் நாள். துறைமுக அலுவலகத்துக்குக் காலையும் மாலையும் போன் செய்கிறேன். எடுக்கிற பெண் இப்போது என் குரலைக் கேட்டதும், "இன்னும் வரலை சார்" என்று தானாகவே சொல்கிறாள். காற்று குறைந்தால் தாமதம் ஆகும் என்கிறாள். வானொலியில் கூப்பிட்டும் பதில் இல்லையாம். அக்கம்பக்கத்துக் கப்பல்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்கள்.

லீவு போட்டுவிட்டேன். வேலைக்குப் போனாலும் கண் எதிலும் நிற்கவில்லை. அண்ணி என்னிடம் எதுவும் கேட்பதில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்கிறாள்.

இதை எந்த நம்பிக்கையில் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நீ படிப்பாய் என்று எழுதுகிறேன்.

அண்ணன்

*

பிப்ரவரி 14
வெளித்தீவு

அண்ணா,

கையெழுத்து டீச்சருடையது, சொல்வது நான். என் வலது மணிக்கட்டு உடைந்திருக்கிறது. போனில் இதைச் சொல்வதற்குள் நீ "சரி... சரி... சரி" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு அண்ணியிடம் கொடுத்துவிட்டாய். அண்ணியும் "அவர் அந்தப் பக்கம் போய்ட்டாரு, நீ பேசு" என்றாள். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் வானம் ஒரு மூலையில் கறுத்தது. பாயைச் சுருக்கினோம். சுக்கான் என் கையில். பத்து நிமிடத்தில் காற்று வந்து அடித்தது, இடப்பக்கம், நீ சொன்னபடியே. பேக்கரிக்காரர் உருளும் பாத்திரங்களைப் பிடிக்கக் கீழே போனார். அப்போது கட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். இடப்பக்கக் கம்பி தகட்டோடு பிய்த்துக்கொண்டு காற்றில் ஆடியது. பாய்மரம் சாய ஆரம்பித்ததைக் கண்ணால் பார்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

சாய்ந்தது, நின்றுவிட்டது. டீச்சரின் துணிக்கொடி பிடித்துக்கொண்டது.

துணிக்கொடி இல்லை அது. நல்ல தடித்த கயிறு, நாலு மடிப்பு. பாய்மரத்தின் மேல்வளையத்திலிருந்து கீழே வேறு ஓர் இரும்பு வளையத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கிறார். பிறகு கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. "சொன்னா நீ சண்டைக்கு வருவே. உங்கண்ணன் சும்மா ஒரு வார்த்தை சொல்ற ஆள் இல்லை" என்றார். (இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்வதை அப்படியே எழுதச் சொல்கிறாள். டீச்சர்.)

காற்றை வலப்பக்கம் வாங்கினால் இடப்பக்கத்துக்குப் பாரம் குறையும் என்று படகைத் திருப்பினேன். திருப்பிய வேகத்தில் பாயின் அடிக்கட்டை சுழன்று வந்து மணிக்கட்டில் அடித்தது. வலி தெரிய அரை மணி நேரம் ஆயிற்று. பாய்மர உச்சியில் இருந்த வானொலிக் கம்பியும் அதோடு போயிற்று. அதனால்தான் யார் கூப்பிட்டதும் எங்களுக்குக் கேட்கவில்லை. பேக்கரிக்காரர் ரொட்டி உருட்டும் கட்டையை வைத்து என் கையைக் கட்டினார். மற்ற இருவரும் குட்டிப் பாயையும் இன்ஜினையும் மாற்றி மாற்றி வைத்து, நடக்கிற வேகத்தில் ஓட்டினார்கள். பதினொன்றாம் தேதி மாலை வந்து சேர்ந்தோம். துறைமுக அலுவலகப் பெண் ஓடி வந்து முதலில் கேட்டது, "நீங்கதான் அந்தத் தங்கச்சியா?"

முறிந்த தகட்டை டீச்சர் எடுத்து வைத்திருக்கிறார். முறிந்த இடத்தில் பாதி பழைய துரு, பாதி புது இரும்பின் பளபளப்பு. விரிசல் இருந்திருக்கிறது, அண்ணா. நெடுநாளாகவே.

இதுவரை எழுதிய பிறகுதான் உன் இரண்டு கடிதங்களையும் பிரித்தேன். இனி டீச்சர் வேண்டாம்.

(இடது கையால் எழுதுகிறேன். கோணலாக வருகிறது.) உன் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். நீ தொங்கிக்கொண்டிருந்தாய். குளிச்சியா என்று கேட்டேன். என்னை மன்னித்துவிடு. தொடை நடுங்குகிறது என்று சொன்னதை முழுசாக வாங்கிக்கொள்கிறேன். சந்தேகம் எந்தக் காரணத்தால் வந்தால் என்ன, அந்தச் சந்தேகத்தால் மூன்று பேர் உயிரோடு இருக்கிறோம்.

ஒரு உதவி வேண்டும். எலும்பைச் சரிசெய்ய நான் ஊருக்கு வந்தே ஆக வேண்டும். பல் பிடுங்குகிற கை இது. படகைத் திருப்பிக் கொண்டுவர இரண்டு பேர் போதாது. முடியாது என்றால் ஒரு வார்த்தை எழுது. அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

பாப்பா

*

பிப்ரவரி 27
வீடு

அண்ணா,

ஒரே விமானம். நீ இறங்கினாய், நான் ஏறினேன். நடுவில் ஒரு மணி நேரம். பேச வேண்டும் என்று நினைத்ததில் பாதிகூடப் பேசவில்லை. நீ என் கைக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய், லிஃப்ட் கம்பியில் எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று எண்ணுகிற மாதிரி.

எலும்பு நேராக அமர்ந்திருக்கிறது. ஆறு வாரம் கட்டு. விரல் எல்லாம் அசைகிறது, உணர்வும் இருக்கிறது, இனி பயமில்லை என்றார் எலும்பு டாக்டர். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பிறகு பசித்தது.

உன் வீட்டில்தான் இருக்கிறேன். அண்ணி ஒரு டம்ளரைக்கூடக் கழுவ விடவில்லை. நீ அலையில் தொங்கிய கதையை அவளிடம் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே. அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "ஏதோ நடந்திருக்குன்னு அன்னைக்கே தெரியும். ஈரச் சட்டையைத் தானே துவைச்சுப் போட்டாரு. கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்துல அதுதான் முதல் தடவை" என்றாள். இவ்வளவு நாளும் நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தாளாம்.

நீ கொண்டுபோன புதுத் தகடுகள் பொருந்தினவா? பயமாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு விமானத்தில் வா. படகு எங்கும் ஓடிப்போகாது. யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். சொன்னால் நான் இருக்கிறேன்.

பாப்பா

*

மார்ச் 16
இரண்டாம் தீவு

பாப்பா,

வந்து சேர்ந்துவிட்டோம். மூன்று நாள், நாலு மணி நேரம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு தகடுகளையும் மாற்றினேன். ஆறுக்கும் சாயம், பொடி. பேக்கரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொரு தரம் அடிங்க, என் திருப்திக்கு" என்றார். அடித்தேன். ஒரு கோடும் வரவில்லை. கிளம்பும் முந்தின நாள் இருவரையும் உட்காரவைத்து, போன வருடம் நடந்ததைச் சொன்னேன். பேக்கரிக்காரர், ஒவ்வொரு முறை படகில் கால் வைக்கும்போதும் தனக்கும் பயம்தான் என்றார். இந்த ஒரு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தைரியசாலியாக நடித்திருக்கிறோம்.

முதல் நாள் முழுக்க வாந்தி. இரண்டாம் நாள் மத்தியானம் என் முறை. அவர்கள் உள்ளே படுத்திருந்தார்கள். தூரத்தில் மழை ஒரு திரை மாதிரி வந்துகொண்டிருந்தது. பெரிய மழை இல்லை, எனக்கே தெரிந்தது. ஆனாலும் சுக்கானை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இடுப்பில் இரண்டு வார் கட்டியிருந்தேன், கால் மட்டும் தண்ணீரில் இழுபடுவது போலவே இருந்தது. அன்று வராத சத்தம் இன்றும் வராமல் போய்விடுமோ என்ற பயம்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது.

வந்தது. "டீச்சர், கொஞ்சம் வாங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவ்வளவுதான், பாப்பா. இருவரும் எழுந்து வந்தார்கள். சுக்கானை யாரும் என் கையிலிருந்து வாங்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். டீச்சர் குடை பிடித்தார், நடுக்கடலில் குடை. அது முதல் நிமிடத்திலேயே மேல்பக்கம் மடிந்துபோயிற்று. மூன்று பேரும் நனைந்தோம். மழை இருபது நிமிடம் பெய்துவிட்டுப் போய்விட்டது. பிறகு பார்த்தால், நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ராத்திரியும் வந்தது, மறுநாளும் வந்தது. வந்தால் சொன்னேன். சொன்னதும் யாராவது டீ போட்டார்கள்.

இன்று காலை சுக்கான் என்னிடம் இருந்தது. கடல் எண்ணெய் தடவியது போல் கிடந்தது. பேக்கரிக்காரர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். டீச்சர் தலை சீவிக்கொண்டிருந்தார். அடிவானத்தில் ஒரு பச்சைக் கீற்று தெரிந்தது. மேகமோ என்று நினைத்தேன். இல்லை, அதன் விளிம்பில் மரங்கள் தெரிந்தன. முதலில் பார்த்தது நான்தான். உடனே கூப்பிடத் தோன்றவில்லை. ஒரு நிமிடம் அதை எனக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். பிறகு அவர்களிடம் சொன்னேன்.

அண்ணன்